படிக்கத் தொடங்காமை: பொதுத்தேர்வு அச்சமும் மாணவர் உரிமைகளும்

தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு வழக்கமாக மார்ச் மாதத்தில் நடைபெறுவதால், டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு முடிந்த பிறகு திருப்புதல் தேர்வுகளும் செய்முறைத் தேர்வும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, மாணவர் தாமாக அமர்ந்து படிப்பதற்கென எஞ்சுவது மிகச் சில வாரங்களே. அந்த வாரங்களில்தான், படிக்க வேண்டும் என்ற எண்ணம் இருந்தும் புத்தகத்தைத் திறக்க முடியாத நிலை பலருக்கு ஏற்படுகிறது. வீட்டில் இதற்குச் சோம்பல், அலட்சியம், செல்போன் மோகம் என்று பெயரிடுகிறார்கள். பள்ளியில் மெல்லக் கற்போர் பட்டியலில் பெயர் ஏறுகிறது. நோயைத் தவறாகக் கணித்த பின் தரப்படும் மருந்தும் தவறாகவே அமைவதுபோல, அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பீடு, ஓயாத அறிவுரை, மிரட்டல், சில இடங்களில் அடி என்று தீர்வுகள் நீள்கின்றன. இவற்றுள் எதுவும் புத்தகத்தைத் திறக்க வைப்பதில்லை என்பதோடு, சில சட்டத்துக்கும் புறம்பானவை.

செய்ய வேண்டிய வேலையை, தள்ளிப்போட்டால் தீங்கு வரும் என்று தெரிந்தே தள்ளிப்போடுவதை உளவியலாளர் ஒத்திப்போடுதல் என்பர். நேரத்தைத் திட்டமிடத் தெரியாததன் விளைவாகவே இது நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. ஆனால் பியூஷியா சிரோய், திமோதி பிச்சில் ஆகிய ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட கட்டுரையில், ஒத்திப்போடுதல் அடிப்படையில் உணர்ச்சியைக் கையாள்வதில் ஏற்படும் சிக்கல் என்று வாதிட்டனர். பாடம் அச்சத்தையோ சலிப்பையோ தாழ்வுணர்வையோ எழுப்பும்போது, அந்த உணர்ச்சியிலிருந்து உடனே விடுபட மனம் பாடத்தையே விலக்கிவிடுகிறது. விலக்கிய கணத்தில் கிடைக்கும் நிம்மதி, மறுமுறையும் விலக்கவே பழக்குகிறது. இதோடு 'நேற்றும் படிக்கவில்லை' என்ற குற்றவுணர்வும் சேர்ந்துகொள்வதால், அதே பாடம் மறுநாள் முன்னைவிட அச்சம் தருவதாக மாறிவிடுகிறது. கனடாவில் முதலாண்டு மாணவரிடையே மைக்கேல் வோலும் பிச்சில் உள்ளிட்ட சகாக்களும் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில், முதல் தேர்வுக்குப் படிப்பைத் தள்ளிப்போட்டதற்காகத் தம்மைத் தாமே மன்னித்துக்கொண்ட மாணவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டனர் என்பது தெரியவந்தது. திட்டினால்தான் திருந்துவார்கள் என்ற நம் வீடுகளின் உறுதியான நம்பிக்கைக்கு இந்த முடிவு சற்றும் உடன்படாது.

ஊக்கம் வந்த பிறகு தொடங்கலாம் என்று காத்திருப்பதும் இதே காரணத்தால் பயனற்றது. மனச்சோர்வுக்கான சிகிச்சைகளுள் ஒன்றில், நோயாளியின் மனநிலை மாறும்வரை காத்திராமல் சிறு செயல்களை முதலில் செய்யவைத்து, அதன்வழி மனநிலையை மாற்றும் முறை உண்டு. படிப்புக்கும் அது பொருந்தும். ஆனால் 'இன்று படிப்பேன்' என்ற பொதுவான தீர்மானம் அதற்குப் போதாது. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999இல் தொகுத்துக் காட்டியபடி, 'இன்ன நேரத்தில், இன்ன இடத்தில், இது நடந்தவுடன் இதைச் செய்வேன்' என்று சூழலோடு கட்டிவைத்த தீர்மானங்களே செயலாக மாறும் வாய்ப்பு அதிகம். இயற்பியலில் பின்தங்கிய ஒரு மாணவர், இரவு சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்தவுடன் முதல் அலகான நிலை மின்னியலின் கடைசிப் பக்கங்களைத் திறந்து, அங்குள்ள புக் பேக் ஒரு மதிப்பெண் வினாக்களில் ஐந்துக்கு மட்டும் பாடத்தைப் பார்க்காமல் விடை குறிப்பது என்று வைத்துக்கொள்ளலாம். ஐந்தில் மூன்று தவறாகவே இருந்தாலும், கூலூம் விதி தமக்கு எந்த இடத்தில் புரியவில்லை என்பது அந்தப் பத்து நிமிடங்களில் தெரிந்துவிடும். அதுவரை 'இயற்பியலே வராது' என்று உருவமற்றிருந்த அச்சம், குறிப்பிட்ட மூன்று கேள்விகளாகச் சுருங்கிவிடும்.

இங்கே பாடத்தைப் பார்க்காமல் விடை குறிப்பது தற்செயலாகச் சொல்லப்பட்டதன்று. படித்ததையே திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, நினைவிலிருந்து எடுத்து எழுதிப் பார்ப்பது நெடுநாள் நினைவில் தங்குகிறது என்பதை ரோடிகரும் கார்பிக்கேயும் 2006இல் சோதனை வழியே காட்டினர். படிப்பு உத்திகளை ஒப்பிட்டு 2013இல் வெளியான ஜான் டன்லோஸ்கி குழுவினரின் மதிப்பாய்வும் தன்னைத் தானே சோதித்தலையும் இடைவெளி விட்டுப் படித்தலையும் உயர்வாக மதிப்பிட்டு, வண்ணப் பேனாவால் கோடிடுவதைக் கடைசி வரிசையில் வைத்தது. பல மாணவர்களின் புத்தகங்களில் மஞ்சள் படாத வரியே இல்லை என்பது இங்கு நினைவுகூரத் தக்கது.

அச்சத்தைக் குறைக்க மற்றொரு வழி, தேர்வின் அமைப்பை எண்களாக அறிந்துகொள்வது. 2018-19 முதல் பிளஸ் டூ ஆறு பாடங்களுக்கு மொத்தம் 600 மதிப்பெண்களுக்கு நடத்தப்படுகிறது. செய்முறை உள்ள பாடங்களில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, பள்ளியளவில் வழங்கப்படும் அகமதிப்பீட்டுக்கு 10. செய்முறை இல்லாதவற்றில் எழுத்துத் தேர்வுக்கு 90, அகமதிப்பீட்டுக்கு 10. தேர்ச்சிக்கு மொத்தம் 35 வேண்டும். அதில் முதல்வகைப் பாடங்களில் எழுத்துத் தேர்வில் 15ம், இரண்டாம் வகையில் 25ம் கட்டாயம். இயற்பியல் வினாத்தாளில் ஒரு மதிப்பெண் வினாக்கள் மட்டும் 15 உள்ளன. எழுத்துத் தேர்வில் 15 பெற்று, செய்முறை, அகமதிப்பீடு இரண்டிலும் சேர்த்து 30க்கு 20 பெற்றவர் அப்பாடத்தில் தேர்ச்சி பெற்றவராவார். இந்தக் கணக்கு குறைந்த மதிப்பெண்ணோடு நின்றுவிடச் சொல்வதற்கன்று. தாம் தோற்பது உறுதி என்று நம்பி ஒதுங்கிவிட்ட மாணவருக்குத் தேர்ச்சி எட்டும் தொலைவில்தான் உள்ளது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டக்கூடிய அறிவுரை எதுவும் இல்லை.

இவ்வளவு எளிய கணக்கு மாணவரை எட்டாமல் போவதற்குப் பள்ளிகளின் நூறு சதவீதத் தேர்ச்சி ஆசையும் ஒரு காரணம். மாநில அளவில் முதலிடம் பெற்றவர் பட்டியலை வெளியிடும் வழக்கத்தைத் தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறை 2017இல் கைவிட்டது. ஆனாலும் தரவரிசை மனப்பான்மை வகுப்பறையில் வேறு வடிவங்களில் தொடர்கிறது. திருப்புதல் தேர்வு மதிப்பெண்களை வகுப்பில் உரக்க வாசிப்பதும், குறைந்த மதிப்பெண் பெற்றவரைத் தனி வரிசையில் அமர்த்துவதும், தேர்ச்சி பெறமாட்டார் என்று தோன்றும் மாணவரின் பெற்றோரை அழைத்து மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளும்படி வற்புறுத்துவதும் பலரும் அறிந்தவை. படிக்கத் தொடங்குவதற்குத் தடையாக நிற்கும் அச்சத்தில் பெரும்பகுதி இவ்வாறு உருவாக்கப்படுவது.

இவ்விடத்தில் சட்டம் பேசாமல் இல்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடைசெய்கிறது. அச்சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்கே உரியது என்றாலும், மேல்நிலை மாணவர் பாதுகாப்பற்றவர் அல்லர்: இளைஞர் நீதிச் சட்டம் 2015, பதினெட்டு வயது நிறையாத எவரையும் குழந்தையாகவே கருதி, குழந்தையைத் தம் பொறுப்பில் வைத்திருப்பவர் அதற்குத் தேவையற்ற உடல், மனத் துன்பம் நேரும் வகையில் நடந்துகொள்வதை 75ஆம் பிரிவின்கீழ் தண்டனைக்குரிய குற்றமாக்குகிறது. விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் பயிற்சி பெற்றுவந்த பதினேழு வயது மாணவியின் மரணம் தொடர்பான வழக்கில், உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் கல்வி நிறுவனங்களுக்கும் பயிற்சி மையங்களுக்கும் பதினைந்து வழிகாட்டு நெறிகளை வகுத்தது. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் உள்ள நிறுவனம் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவரையேனும் நியமிக்க வேண்டும், மதிப்பெண் அடிப்படையில் மாணவரைப் பிரித்து வகுப்புகள் அமைப்பதையும் பொதுவில் அவமானப்படுத்துவதையும் பயிற்சி மையங்கள் தவிர்க்க வேண்டும் என்பவை அவற்றுள் அடங்கும். மாற்றுச் சான்றிதழைக் கட்டண பாக்கி வசூலிக்கும் கருவியாகப் பள்ளிகள் பயன்படுத்தக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் தீர்ப்பளித்திருப்பதும் பெற்றோர் அறிய வேண்டியது. இத்தகைய குறைகளைத் தலைமையாசிரியரிடமும், தீராதபோது மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலரிடமும் நாளிட்ட மனுவாகக் கொடுத்து ஒப்புதல் பெற்றுக்கொள்வது நல்லது; மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்திடமும் முறையிடலாம்.

சிலருக்குத் தொடங்க இயலாமையின் வேர் அச்சத்தில் இருப்பதில்லை. எழுத்துக்களைப் பிரித்தறிந்து வாசிப்பதில் இடர்ப்படும் டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடுகள், பன்னிரண்டாம் வகுப்பு வரை கண்டறியப்படாமலேயே சோம்பல் என்ற பெயரில் மறைந்துகிடப்பது உண்டு. வாய்மொழியாகக் கேட்டால் தெளிவாகச் சொல்லும் மாணவர் அதையே எழுதும்போது தடுமாறுவது இதற்கு ஓர் அடையாளம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 கற்றல் குறைபாட்டையும் தன் பட்டியலில் சேர்த்திருப்பதால், இவர்களுக்குத் தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுதுபவரின் உதவியும் பெற வழியுண்டு. சட்டம் வகுத்த 40 சதவீத அளவுகோலை எட்டாத குறைபாடு உடையவருக்கும் தேவையிருப்பின் எழுதுபவரை மறுக்கக் கூடாது என்று விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021இல் கூறியது. இச்சலுகைகள் மருத்துவச் சான்றோடு தலைமையாசிரியர் வழியாக முன்கூட்டியே விண்ணப்பித்தால்தான் கிடைக்கும். தேர்வன்று காலையில் கேட்டுப் பயனில்லை.

இவற்றினும் கவனமாகப் பார்க்க வேண்டியது மனச்சோர்வு. தூக்கமும் பசியும் மாறுவது, நண்பர்களை விட்டு விலகுவது, முன்பு விரும்பிச் செய்தவற்றில்கூட ஆர்வம் அற்றுப்போவது, 'நான் இல்லாவிட்டால் யாருக்கும் தொல்லையில்லை' என்ற வகைப் பேச்சு ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், அது படிப்பு பற்றிய சிக்கல் என்ற நிலையைக் கடந்துவிட்டது என்று கொள்ள வேண்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் மட்டும் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலையால் இறந்தனர். தற்கொலை எண்ணம் உண்டா என்று நேராகக் கேட்பது அந்த எண்ணத்தை விதைத்துவிடும் என்பது தவறான அச்சம். பரிவோடு கேட்பது பேசுவதற்கு வழி திறக்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, அரசு மனநலச் சேவையைப் பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாக்கியுள்ளதுடன், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மனவழுத்தத்துக்கு ஆளானவராகவே கருதி அரசு அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிக்க வேண்டும் என்கிறது. ஆகவே காவல் நிலையத்துக்கு அஞ்சி மருத்துவமனையைத் தவிர்க்க வேண்டியதில்லை. பதின்பருவத்தினருக்கு எட்டு மணி நேரத்துக்குக் குறையாத உறக்கம் தேவை என்பதால், அதிகாலை நான்கு மணி விழிப்பும் நள்ளிரவுப் படிப்பும் சேர்ந்த கால அட்டவணையை வீட்டுச் சுவரில் ஒட்டுவதும் ஒருவகை ஆபத்தே.

முடிவு வெளியான பிறகும் வழிகள் உண்டு என்பதை, முடிவு வருவதற்கு முன்பே மாணவருக்குச் சொல்லிவைக்க வேண்டும். தேர்ச்சி பெறாதவர், தவறிய பாடங்களை மட்டும் அடுத்த ஓரிரு மாதங்களில் நடைபெறும் துணைத் தேர்வில் எழுதி, அதே ஆண்டில் கல்லூரியில் சேர முயலலாம். மதிப்பெண்ணில் ஐயம் உள்ள பிளஸ் டூ மாணவர், அரசுத் தேர்வுகள் இயக்ககம் அறிவிக்கும் நாட்களில் விடைத்தாளின் நகலைப் பெற்று, ஆசிரியர் ஒருவரோடு சரிபார்த்த பின், மதிப்பெண் கூட்டலை மட்டும் சரிபார்க்கும் மறுகூட்டலையோ விடைகளையே மீண்டும் திருத்தும் மறுமதிப்பீட்டையோ கோரலாம். விண்ணப்பிக்கும் காலம் சில நாட்களே என்பதால் முடிவு வந்த வாரத்திலேயே பள்ளியை அணுக வேண்டும். திருத்தப்பட்ட தம் விடைத்தாளைப் பார்ப்பது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் தேர்வு எழுதியவரின் உரிமை என்று, மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் தொடர்பான ஆதித்ய பந்தோபாத்யாய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011இலேயே கூறிவிட்டது. தோல்விக்கு மறுநாளும் உண்டு என்று அறிந்த மாணவருக்குத்தான் தேர்வுக்கு முந்தைய நாட்களில் புத்தகத்தைத் திறக்கும் துணிவு வரும்; தீர்வுகளை மறைத்துவைத்து மிரட்டுபவர்கள் அந்தத் துணிவையே பறிக்கிறார்கள்.

பள்ளி, தேர்வு தொடர்பான ஐயங்களுக்குத் தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் 14417, குழந்தைகள் துன்புறுத்தப்படும்போது 1098, மனநல ஆலோசனைக்கு 14416, உடல்நலம் பற்றிய ஆலோசனைக்கு 104 ஆகிய எண்களை அழைக்கலாம். இவற்றுள் 14416 இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழிலேயே இயங்குகிறது. மாணவர் மட்டுமன்றி, அவரை எண்ணிக் கலங்கும் பெற்றோரும் அதில் பேசலாம்.