வெயில் கணக்கு – 7: வராது என்றே சொன்னால்?

"சித்திரை முடியறதுக்குள்ள ஒரு நல்ல மழை உண்டு. எழுதி வச்சுக்கோங்க தம்பி" என்றார், சேத்தூரில் மாந்தோப்பு குத்தகை எடுத்திருக்கும் அண்ணாச்சி. டீக்கடையில் யாரும் எழுதி வைப்பதில்லை, நான் வைத்தேன். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

மழை பெய்தது. மேற்கே மலையடிவாரத்தில் ஓடை ஓடியது. ராஜபாளையம் பக்கம் புழுதிகூட அடங்கவில்லை. அண்ணாச்சி ஜெயித்தாரா, தோற்றாரா? காலை 8.30 மணிக்கு முந்தைய 24 மணி நேரத்தில் 2.5 மில்லிமீட்டராவது பதிவானால்தான் வானிலைத் துறைக்கு அது மழைநாள். அண்ணாச்சிக்குக் காற்றோடு வந்து சப்பட்டை மாங்காயை உதிர்த்தால் மழை. எங்கே, எவ்வளவு என்று முதலிலேயே பேசிக்கொள்ளாத கணிப்புக்கு மார்க் போட முடியாது. சித்திரை முதல் நாள் பஞ்சாங்கம் வாசிக்கும்போது சொல்கிற மழை மரக்கால் கணக்கை யாரும் சரிபார்க்காததும் இதனால்தான்.

சரி, இடமும் அளவும் பேசியாயிற்று. பத்துக்கு எத்தனை பலித்தது என்று எண்ணினால் போதுமா? போதாது. 1884-ல் அமெரிக்க ராணுவத்தின் ஜான் ஃபின்லி என்பவர் சூறைச்சுழல் வருமா, வராதா என்று 2,803 கணிப்புகள் சொன்னார். 96.6 சதவீதம் சரி என்று பேர் வாங்கினார். கில்பர்ட் என்ற நிலவியலாளர் கணக்கைப் பிரித்துப் பார்த்தார். ஃபின்லி 'வரும்' என்றது 100 முறை, வந்தது 28. 'வராது' என்ற இடங்களில் 23 வந்துவிட்டன. கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் 'வராது' என்றிருந்தால் 98.2 சதவீதம் கிடைத்திருக்கும்! சும்மா இருப்பவன் எடுக்கும் மார்க்கைவிடக் கூடுதலாக எவ்வளவு எடுத்தார் என்பதுதான் கேள்வி.

நம் ஊரில் அந்தச் சும்மா இருப்பவர் அக்னி நட்சத்திரம். மே 4 முதல் 28 வரை கொளுத்தும் என்று சொல்பவருக்குத் திறமை எதுவும் வேண்டாம், காலண்டர் போதும். 1991 முதல் 2020 வரையிலான சராசரியைவிட இந்த மே கூடுமா, குறையுமா என்று சொல்லட்டும், பார்க்கலாம்.

அதிலும் ஒரு பொறி உண்டு. 2024 மே மாதத் தொடக்கத்தில் உள்மாவட்டங்கள் வெந்தன. பாதி மாதம் போனதும் கோடை மழை பிடித்துக்கொண்டது. 17-ம் தேதி பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனை அடித்துச் சென்றது. இந்த இரண்டு பாதியையும் கூட்டி வகுத்தால் வருவது ஒற்றை எண். அந்த எண்ணைச் சரியாகக் கணித்தவரும் வெயிலையும் சொல்லவில்லை, வெள்ளத்தையும் சொல்லவில்லை. மாதக் கணிப்பு என்ற வடிவத்தின் மீதே எனக்குச் சந்தேகம் வந்தது அந்த மாதத்தில்தான்.

பிரதீப் ஜான் போன்ற வானிலை ஆர்வலர்களின் பதிவுகள் இப்போது டீக்கடைக் கைப்பேசிகளிலும் ஓடுகின்றன. யார் சொன்னாலும் மார்க் போட நான் பயன்படுத்துவது 1950-ல் கிளென் பிரையர் சொன்ன வழியை. எத்தனை சதவீதம் வாய்ப்பு என்று சொல்ல வேண்டும். நடந்தால் 1, நடக்காவிட்டால் 0 என்று வைத்து, அதற்கும் சொன்ன வாய்ப்புக்கும் உள்ள இடைவெளியை அதாலேயே பெருக்க வேண்டும். குறைவாக வந்தால் நல்லது. எப்போதும் 50 என்று நழுவுகிறவருக்கு 0.25.

அண்ணாச்சியிடம் விளக்கினேன். யோசித்து, "முக்கால்வாசி வரும்" என்றார். வந்தால் 0.06, வராவிட்டால் 0.56 என்று நோட்டில் குறித்தேன்.

"வராட்டி இம்புட்டு அடியா?" என்றவர் டீயை வைத்துவிட்டு, "அறுபதுன்னு போடுங்க தம்பி" என்றார்.

(தொடரும்)