பல்லுக்கும் பல்லுக்கும் இடையே 0.15 மில்லிமீட்டர்

முதலில் ஒரு சிறு கணக்கு. ஒரு பிக்கப் வண்டியின் இரு பின்சக்கரங்களுக்கும் இடையே 1.5 மீட்டர் தூரம். வண்டி ஒரு சந்திப்பில் 90 பாகை திரும்புகிறது. வெளிப்பக்கச் சக்கரம் உட்பக்கச் சக்கரத்தைவிட எவ்வளவு தூரம் கூடுதலாக ஓட வேண்டும்?

வட்டத்தின் சுற்றளவைக் கணக்கிடத் தெரிந்தால் போதும். விடை ஏறக்குறைய 2.36 மீட்டர். வளைவு பெரியதானாலும் சிறியதானாலும் இந்த விடை மாறாது. 70 சென்டிமீட்டர் விட்டமுள்ள டயர் ஒரு சுற்றில் 2.2 மீட்டர் ஓடும். அப்படியென்றால் ஒரே திருப்பத்தில் ஒரு சக்கரம் மற்றதைவிட ஒரு முழுச் சுற்றுக்கும் அதிகமாக உருள வேண்டும். இரண்டையும் ஒரே தண்டில் இறுகப் பூட்டிவிட்டால், டயர் சாலையில் தேய்ந்துகொண்டே இழுபடும்.

இதற்கான தீர்வுதான் டிஃபரன்சியல். பிக்கப், லோரியின் பின் அச்சு நடுவே பானைபோல் ஒன்று புடைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள்; அதற்குள் இருப்பது இதுதான். 1820களின் இறுதியில் பிரான்சைச் சேர்ந்த கடிகாரக் கலைஞர் ஒனெசிஃபோர் பெக்கர், நீராவி வண்டிக்காக இதற்குக் காப்புரிமை பெற்றார்.

கடந்த பருவ விடுமுறையில் அந்தப் பானையை எங்கள் வீட்டு முற்றத்திலேயே பிரித்துப் புதுப்பித்தோம். அப்பா பகான் டத்தோவில் தேங்காய் வாங்கி ஈப்போவிலுள்ள கடைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர். வண்டிக்கு 20 வயதுக்கு மேல். அது நின்றால் வீட்டு வருமானமும் நின்றுவிடும். வேலையை முன்னின்று செய்தவர் என் தாய்மாமா. படிவம் மூன்றோடு பள்ளியை விட்டு, பட்டறையில் சேர்ந்து 30 ஆண்டுகள் ஆகின்றன. நான் இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவி. கையேட்டைப் படிப்பது, அளவுகளைக் குறிப்பது, ஒவ்வொரு படியையும் படம் எடுப்பது ஆகியவை என் பொறுப்பு.

சத்தம் சொல்லும் சேதி

வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் பின்னால் ஊளையிடுவதுபோல் ஒரு சத்தம் வரும். மாமா பக்கத்து இருக்கையில் கண்ணை மூடி உட்கார்ந்துகொண்டார். "பாப்பா, மிதிக்கும்போது ஒரு சத்தம், காலை எடுத்தா வேற சத்தம். கேக்குதா? வீல் பேரிங் இப்படி மாறாது. இது பல்லு" என்றார்.

பாரத்தைப் பொறுத்து ஊளை மாறினால், சந்தேகம் பற்சக்கரங்கள்மீது விழும். மாறாத உறுமல் என்றால் பேரிங்கைப் பார்க்க வேண்டும். புறப்படும்போது 'டங்' என்று இடித்தால், எங்கோ இடைவெளி கூடிவிட்டது என்று பொருள்.

எண்ணெயை வடித்ததும் அவர் சொன்னது உறுதியானது. வடிகால் திருகின் காந்தத்தில் சாம்பல்நிற மசகு ஒட்டியிருப்பது இயல்பு. எங்கள் வண்டியில் செதில் செதிலாக உலோகம் இருந்தது. ஆயில் சீல் கசிந்து, எண்ணெய் குறைந்து, பினியன் பேரிங் தேய்ந்து, பற்கள் தம் இடத்திலிருந்து விலகியிருந்தன.

பழைய உதிரிபாகம் விற்கும் ஹாஃப்கட் கடையில் முழு டிஃபரன்சியலையே வாங்கி மாட்டலாம். "அதுக்குள்ள என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்?" என்று மாமா மறுத்துவிட்டார். அப்பா நண்பர் ஒருவரின் வேனை இரவல் வாங்கினார். எங்களுக்குக் கிடைத்தது பத்து நாள்.

ஜோடி மாறக்கூடாது

எஞ்சினிலிருந்து வரும் நீண்ட தண்டின் முனையில் இருப்பது பினியன் என்ற சிறு பற்சக்கரம். அது கிரவுன் என்ற பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. பினியனுக்கு 10 பல், கிரவுனுக்கு 41 பல் என்றால் விகிதம் 4.1. வேகம் 4.1 மடங்கு குறையும். திருப்புவிசை கிட்டத்தட்ட அதே மடங்கு கூடும். படிவம் நான்கில் படித்த அதே கணக்குதான் ஒரு டன் தேங்காயை இழுக்கிறது.

கிரவுனும் பினியனும் ஆலையிலேயே ஒன்றோடொன்று உரசிப் பொருத்தப்பட்டவை. ஒன்றை மட்டும் மாற்றக்கூடாது; ஜோடியாகவே மாற்ற வேண்டும். இருபக்கப் பேரிங் மூடிகளும் அப்படியே. பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் இடத்தையும் வலத்தையும் மாற்றிப் பூட்டக்கூடாது. கழற்றுவதற்கு முன்பே மாமா உளியால் அடையாளம் போட்டார். நான் படம் எடுத்துக்கொண்டேன்.

அடுத்து வந்தது பொறுமையைச் சோதிக்கும் கட்டம். பினியன் பேரிங்குகள் இறுக்கமாக இருக்க வேண்டும், ஆனால் அளவோடு. இரண்டுக்கும் நடுவே, நசுங்கி இடம் கொடுக்கும் ஒரு வளையம் உண்டு. அதை நசுக்க, நட்டை முறுக்கும் விசை 200 நியூட்டன் மீட்டரைத் தாண்டிப் போகலாம். ஆனால் முறுக்கி முடித்ததும் பினியனைச் சுழற்றத் தேவைப்படும் விசை, பல பிக்கப்களில் 1 முதல் 1.5 நியூட்டன் மீட்டர்தான். அளவு தாண்டினால் நட்டைத் தளர்த்திச் சமாளிக்க முடியாது. வளையத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, புதியதை வைத்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதனால் மாமா கொஞ்சம் முறுக்குவார், நிறுத்துவார், நான் அளப்பேன். அந்த ஒரு நட்டுக்கே அரைநாள் போனது.

மஞ்சள் மையின் தடம்

கிரவுன் பல்லுக்கும் பினியன் பல்லுக்கும் இடையே சிறு இடைவெளி வேண்டும். எங்கள் கையேட்டில் அது 0.13 முதல் 0.18 மில்லிமீட்டர்; ஏறக்குறைய இரண்டு தலைமுடி தடிமன். குறைந்தால் பற்கள் சூடேறித் தேயும், கூடினால் இடிக்கும். டயல் கேஜ் வைத்து, கிரவுனைச் சுற்றி நான்கு இடங்களில் அளந்தோம்.

அளவு சரியாக வந்தால் வேலை முடிந்ததா? இல்லை. கிரவுனின் சில பற்களில் மஞ்சள் மையைப் பூசிச் சுழற்றினோம். பினியன் பல் பட்ட இடத்தில் மை விலகி ஒரு தடம் தெரிந்தது. தடம் பல்லின் உச்சியை ஒட்டி இருந்தால் பினியன் தள்ளி நிற்கிறது. அடியை ஒட்டி இருந்தால் அதிகமாக உள்ளே நுழைந்திருக்கிறது. எங்களுக்கு முதலில் உச்சியில் விழுந்தது. எல்லாவற்றையும் மீண்டும் கழற்றி, பினியனுக்குப் பின்னால் 0.05 மில்லிமீட்டர் கூடுதல் தடிமனுள்ள ஷிம் தகட்டை வைத்தோம். இம்முறை தடம் பல்லின் நடுவில் விழுந்தது.

மாமாவின் காது கண்டுபிடித்த கோளாறை என்னால் கேட்டுக் கண்டுபிடித்திருக்க முடியாது. ஆங்கிலக் கையேட்டிலிருந்த 0.05 மில்லிமீட்டரை விரலால் தடவிப் பார்த்து அறியவும் முடியாது. இந்த வேலைக்கு இரண்டுமே தேவைப்பட்டன.

வீட்டில் செய்யலாமா?

அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் இருந்தால் செய்யலாம். ஜேக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, உறுதியான ஸ்டாண்டுகளில் வண்டியை நிறுத்துங்கள். எண்ணெய் கையேடு சொல்லும் ரகமாக இருக்கட்டும். இவ்வகைப் பற்கள் உருள்வதோடு வழுக்கவும் செய்வதால் பெரும்பாலும் ஜிஎல்-5 ரகமே கேட்கப்படும். பழைய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். மலேசியாவின் 2005ஆம் ஆண்டு விதிமுறைப்படி அது எஸ்டபிள்யூ 305 என்று பட்டியலிடப்பட்ட கழிவு. அதைச் சேகரிக்கும் பட்டறையிடம் ஒப்படையுங்கள்.

பத்தாம் நாள் வண்டியைத் தெலுக் இந்தான் வரை வெறுமையாக ஓட்டிச் சென்று, நிறுத்திச் சூட்டைப் பார்த்தோம். ஊளை இல்லை. மறுநாள் அப்பா பாதிப் பாரத்தோடு கிளம்பினார்.

எனக்கு இன்னொரு வேலை மீதமிருக்கிறது. 30 ஆண்டு அனுபவமுள்ள மாமாவிடம் ஒரு சான்றிதழ்கூட இல்லை. அதனால் பெரிய நிறுவனங்களின் பட்டறைகளில் அவருக்கு வேலை கிடைத்ததில்லை. பிபிடி எனப்படும் முன் அனுபவ அங்கீகார முறையில், வகுப்புக்குப் போகாமலேயே, செய்த வேலைகளுக்கான சான்றுகளைத் தொகுத்துக் காட்டி, மதிப்பீட்டில் தேறி எஸ்கேஎம் திறன் சான்றிதழ் பெற முடியும். "இந்த வயசுல எனக்கு எதுக்கும்மா?" என்று கேட்டவர், இப்போது சரி என்று சொல்லியிருக்கிறார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு மாமாவோ சித்தப்பாவோ இருக்கலாம். அவருக்கு வேலை தெரியும். படிவத்தை நிரப்புவது உங்களுக்குத் தெரியும். மாமாவின் கோப்பை நான் தொடங்கிவிட்டேன். அதன் முதல் பக்கத்தில், பல்லின் நடுவே விழுந்த அந்த மஞ்சள் மைத் தடத்தின் படத்தை ஒட்டியிருக்கிறேன்.