துட்டு செலவில்லாமல் அப்பாவுக்கு பரிசு: ஓலை விசிறி முதல் உயிர் காக்கும் அட்டை வரை

ராதாபுரம்-

ஜூன் மாதம் 3-வது ஞாயிற்றுக்கிழமை தந்தையர் தினம். அன்றைக்கு அப்பாவுக்கு ஏதாவது குடுக்கணும்னு பிள்ளைகளுக்கு ஆசை வரும். அம்மாவிடம் கேட்டால், "துட்டுக்கு எங்க போறது?" என்றுதான் பதில் வரும். பள்ளிக்கூடம் திறக்கும் மாதம் அது. நோட்டு, பை, செருப்பு, வேன் கட்டணம் என்று கையிருப்பு கரைந்து போயிருக்கும் நேரத்தில் வாழ்த்து அட்டை, கப், கீ செயின் வாங்க யாரால் முடியும்?

வாங்கவும் வேண்டாம். ராதாபுரம் வட்டாரத்தில் வீட்டைச் சுற்றி கிடக்கும் பொருட்களை வைத்தே, அப்பா தினமும் கையில் எடுக்கிற மாதிரி பரிசு செய்யலாம்.

ரோஜாப்பூவில் தொடங்கிய நாள்

தந்தையர் தினம் அமெரிக்காவின் ஸ்போகேன் நகரில் 1910-ம் ஆண்டு ஜூன் 19-ந் தேதி கொண்டாடப்பட்டது. இதற்கு முயற்சி எடுத்தவர் சொனோரா ஸ்மார்ட் டாட் என்ற பெண். தாய் பிரசவத்தில் இறந்துபோக, 6 பிள்ளைகளையும் தனியாளாக வளர்த்தவர் அவரது தந்தை வில்லியம் ஸ்மார்ட். அந்த தந்தைக்கு மரியாதை செய்யத்தான் இந்த நாள். தந்தை உயிரோடு இருப்பவர்கள் சிவப்பு ரோஜாவும், தந்தையை இழந்தவர்கள் வெள்ளை ரோஜாவும் அணிவது அன்றைய வழக்கம். கடைப் பரிசு எல்லாம் பின்னால் வந்தது. 1972-ம் ஆண்டுதான் அமெரிக்காவில் இதற்கு சட்டம் வந்தது.

பனை ஓலை விசிறி

கூடங்குளம் அணுமின் நிலையமும் காற்றாலைகளும் பக்கத்திலேயே இருந்தாலும், கரண்ட் போகிற நேரத்தில் போகத்தான் செய்யும். வேலை முடிந்து வந்து திண்ணையில் உட்காரும் அப்பாவுக்கு ஓலை விசிறியை விட நல்ல பரிசு இல்லை.

இளசான, விரிந்த பச்சை ஓலை ஒன்று போதும். நடுவில் இருக்கும் குருத்தை தொடக் கூடாது. குருத்து போனால் மரமே போய்விடும். மட்டையில் ஒரு முழம் விட்டு மீதியை வெட்ட வேண்டும். மட்டையின் இரு பக்கமும் உள்ள கருக்கு ரம்பம் மாதிரி கையை அறுக்கும். அதை சீவும் வேலையை பெரியவர்களே செய்ய வேண்டும்.

பிறகு ஓலையை விரித்து, மேலே பலகையும் கல்லும் வைத்து 3, 4 நாள் நிழலில் காய விட வேண்டும். வெயிலில் போட்டால் சுருண்டுவிடும். காய்ந்த ஓலையில், மட்டையை ஒட்டி இதழ்கள் பிரியாமல் சேர்ந்திருக்கும் பகுதியில் சாப்பாட்டு தட்டை வைத்து கோடு போட்டு, கத்தரிக்கோலால் வெட்டலாம். ஓரம் கிழியாமல் இருக்க கலர் துணி நாடா வைத்து தைத்தால் விசிறி தயார்.

சின்னப் பிள்ளைகளுக்கு ஓலைக் காத்தாடி போதும். இரண்டு ஓலைத் துண்டை குறுக்காக வைத்து நடுவில் உடைமுள் குத்தி, குச்சியில் செருகினால் ஜூன் மாத காற்றுக்கு சும்மா சுழலும். அப்பாவின் சைக்கிளிலோ, டி.வி.எஸ். வண்டியிலோ கட்டி விடலாம். முள்ளை பெரியவர்கள் குத்திக் கொடுப்பது நல்லது.

பழைய சாரத்தில் சாப்பாட்டுப் பை

அப்பாவின் கிழிந்த சாரத்தை எறிய வேண்டாம். நல்லா இருக்கும் பகுதியில் ஒரு முழ அகலம், இரண்டு முழ நீளத்துக்கு வெட்டி, இரண்டாக மடித்து, இரு பக்கமும் ஓட்டுத் தையல் போட வேண்டும். உள்பக்கத்தை வெளியே திருப்பி, இரண்டு கைப்பிடி தைத்தால் தூக்குச்சட்டி கொண்டு போகிற பை கிடைக்கும். தமிழகத்தில் 2019-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி முதல் பிளாஸ்டிக் கைப்பைகளுக்கு தடை உள்ளதால் இந்தப் பை கடைக்குப் போகவும் உதவும்.

உயிர் காக்கும் அட்டை

எல்லாவற்றையும் விட முக்கியமான பரிசு இது. கிழக்கு கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடி தடை. தந்தையர் தினம் ஜூன் 15-க்கும் 21-க்கும் இடையில்தான் வரும். அதாவது தடை முடிந்து விசைப்படகு தொழிலாளர்கள் கடலுக்குப் போகிற வாரத்திலேயே வருகிறது. நாட்டுப் படகுகளுக்கு இந்த தடை இல்லை என்பதால் அவர்கள் எப்போதும் கடலில்தான். பனை ஏறுபவர், லாரி ஓட்டுபவர், கட்டிட வேலைக்குப் போகிறவர், யாருக்கும் ஆபத்து சொல்லிக்கொண்டு வராது. அடிபட்டு மயங்கிக் கிடப்பவரின் செல்போன் லாக் ஆகி இருந்தால், உதவிக்கு வந்தவர்களால் வீட்டுக்கு தகவல் சொல்ல முடியாது.

தீப்பெட்டி அகலத்தில் ஒரு கெட்டி அட்டையை வெட்டி, முன்பக்கம் அப்பாவின் பெயர், ஊர், ரத்த வகை, வீட்டில் 2 பேரின் போன் எண் எழுத வேண்டும். ரத்த வகை சரியாக தெரியாவிட்டால் எழுதவே கூடாது. சர்க்கரை, பிரஷர், மருந்து அலர்ஜி இருந்தால் அதையும் குறிக்கலாம்.

பின்பக்கம் ஆம்புலன்ஸ் 108, கடலோர காவல் படை 1554, கடலோர பாதுகாப்பு போலீஸ் 1093 ஆகிய எண்கள். மீதி இடத்தில் பிள்ளை தன் கையால் "எப்பா, பத்திரமா வந்துருங்க" என்று எழுதி ஒரு படமும் வரையலாம். எழுதும்போது பால்பாயிண்ட் பேனா நல்லது, மை பேனா நனைந்தால் அழிந்துவிடும். இரண்டு பக்கமும் அகலமான செல்லோ டேப்பை ஓரம் தாண்டி ஒட்டினால் தண்ணீர் புகாது. அப்பா சட்டைப் பையில் வைத்துக் கொள்ளலாம்.

கடற்கரையில் கவனம்

இடிந்தகரை, கூத்தங்குழி, பெருமணல் பக்கத்துப் பிள்ளைகள் கரையில் ஒதுங்கும் சாதாரண கிளிஞ்சல்களை அட்டையில் ஒட்டி போட்டோ பிரேம் செய்யலாம். ஆனால் பவளப்பாறை துண்டு, கடல் குதிரை போன்றவற்றை எடுக்கக் கூடாது. அவை 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்பு சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை.

அப்பா தூரத்தில் இருந்தால்...

அப்பா கேரளா, மும்பை, வளைகுடா என்று பிழைக்கப் போயிருந்தால், செய்த பொருளை எடுத்து வைத்துவிட்டு அதன் போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். அட்டையில் உள்ள விவரங்களை அங்கே அவரையே ஒரு பேப்பரில் எழுதி பர்ஸில் வைக்கச் சொல்லலாம். அப்பா இல்லாத பிள்ளைகள் தாத்தாவுக்கோ, மாமாவுக்கோ, தனியாளாக வளர்க்கும் அம்மாவுக்கோ இதே பரிசைக் கொடுக்கலாம்.

வீட்டில் போன் எண் மாறினால் பழைய அட்டையால் பயன் இல்லை. ஆகவே ஒவ்வொரு ஜூன் மாதமும் பிள்ளைகளே புது அட்டை எழுதிக் கொடுப்பது நல்லது.