சுவரை விழாமல் பிடிக்கும் நார்

2001 ஜனவரி 26 காலை. குஜராத்தின் அஞ்சார் நகரில் குடியரசு தின ஊர்வலம் போய்க்கொண்டிருந்த பள்ளிக் குழந்தைகள் மீது, நிலநடுக்கத்தில் குறுகிய தெருவின் கட்டடங்கள் சரிந்து விழுந்தன. நிலநடுக்கத்தில் உயிரைப் பறிப்பவை பெரும்பாலும் இப்படி இடிந்து விழும் சுவர்களும் கூரைகளும்தான். அவற்றைப் பிடித்து நிறுத்தும் வழிகளில் ஒன்று, நார் கலந்த கான்கிரீட்.

கான்கிரீட் மேலிருந்து அழுத்தும் பாரத்தை நன்றாகத் தாங்கும். இழுத்தால் அதில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தாங்குவது சிரமம். பூமி குலுங்கும்போது சுவர் முன்னும் பின்னுமாக வளைகிறது. எங்கோ ஓர் இடத்தில் விரிசல் விடுகிறது. அந்த ஒரே விரிசல் அகன்று, சுவர் பொத்தென்று விழுகிறது. மண்சுவருக்குச் சேறு குழைக்கும்போது வைக்கோல் சேர்த்தார்களே, அதே வேலையைத்தான் இங்கே நார் செய்கிறது. விரிசலின் இரு கரைகளையும் அது பிடித்துக்கொள்கிறது. இழுவிசை கூடக்கூட, உராய்ந்தபடி மெல்ல மெல்லத்தான் உருவி வருகிறது. அதிர்வின் ஆற்றலில் ஒரு பகுதி அதிலேயே கரைந்துபோகிறது. சுமை பக்கத்துப் பகுதிக்குப் போய், அங்கே இன்னொரு கீறல் விழுகிறது. ஒரு பெரிய பிளவுக்குப் பதில் மயிரிழைக் கீறல்கள் பல. சுவர் வளையும், ஆனால் உதிராது.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நெமி பந்தியா குழுவினர் உருவாக்கிய கலவை இதற்கு நல்ல சான்று. சிமென்டில் ஏறத்தாழ 70 சதவீதத்தைக் குறைத்து, அனல்மின் நிலையச் சாம்பலைச் சேர்த்தார்கள். கூடவே பாலிமர் நார். 10 மில்லிமீட்டர் கனத்துக்கு இதைப் பூசிய சுவர்களை, 2011இல் ஜப்பானின் தோஹோகுவைத் தாக்கிய நிலநடுக்கத்தின் அளவுக்குக் குலுக்கிப் பார்த்தார்கள். சுவர்கள் நின்றன. 2017இல் வான்கூவரின் ஒரு தொடக்கப் பள்ளியில் இதைப் பயன்படுத்தும் பணி தொடங்கியது. இடிக்க வேண்டியதில்லை, பீய்ச்சிப் பூசினால் போதும் என்பதுதான் என்னை மிகவும் கவர்ந்தது.

கலப்பதில் கவனம் வேண்டும். நாரை மொத்தமாகக் கொட்டினால் உருண்டை கட்டிவிடும்; தூவித் தூவிச் சேர்க்க வேண்டும். தூணிலும் பீமிலும் கம்பிக்கு இது மாற்று அல்ல, துணைதான்.

புதிய கட்டடங்களுக்கு விதிமுறைகள் இருக்கின்றன. நிலநடுக்கப் பகுதிகளில் கம்பியே இல்லாமல் எழுப்பிய பழைய பள்ளிச் சுவர்களைத்தான் நம் பொதுப்பணித் துறைகள் முதலில் கணக்கெடுக்க வேண்டும்.