மருத்துவரிடம் மனம் திறப்போம்

குற்றாலப் பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டி நீர் கொட்டும்போது குளிக்கத் தடை விதிக்கப்படுகிறது. அருவியின் கீழ் நிற்போர் அனைவரையும் வெள்ளம் அடித்துச் சென்றுவிடும் என்பது அதன் பொருளன்று. ஆபத்து நேரும் வாய்ப்பு கூடிவிட்டது என்பதே பொருள். புற்றுநோய் பற்றி மருத்துவர் கூறும் 'இடர்வாய்ப்பு' என்னும் சொல்லும் இத்தகையதே. அது நோயன்று, விதியுமன்று, முன்னெச்சரிக்கை.

சொல்ல வேண்டியவை

ஒருவரின் இடர்வாய்ப்பைக் கணிக்கக் குடும்ப மருத்துவருக்கு மூன்று செய்திகள் தேவை.

முதலாவது, குடும்ப வரலாறு. "பெரியம்மா கட்டி வந்து இறந்தார்" என்பது போதாது. எந்த உறுப்பில், எந்த வயதில் நோய் வந்தது என்று கூற வேண்டும். மார்பகப் புற்றுநோய்க்கான மரபணு மாற்றம் தந்தை வழியாகவும் வரக்கூடும்; ஆதலால் அத்தையின் நோயும் சொல்லத்தக்கதே. எனினும், புற்றுநோய்களுள் நூற்றுக்கு 5 முதல் 10 வரையே மரபுவழிப்பட்டவை. குடும்பத்தில் எவருக்கும் வரவில்லை என்பதால் ஒருவர் கவலையற்று இருந்துவிடவும் இயலாது.

இரண்டாவது, பழக்கமும் தொழிலும். புகையிலை, மது ஆகியவற்றை மறைக்காமல் கூற வேண்டும். தென்காசி வட்டாரத்தில் பெண்கள் பலர் பீடி சுற்றுகின்றனர். அவர்கள் புகைக்காதவர்களாயினும் நாள்தோறும் புகையிலைத் தூளோடு பழகுபவர்கள் என்பதை மருத்துவர் அறிந்திருத்தல் நன்று.

மூன்றாவது, உடலில் தோன்றும் மாற்றம். மூன்று வாரங்களாகியும் ஆறாத வாய்ப்புண், புதிய கட்டி, இயல்புக்கு மாறான குருதிப்போக்கு ஆகியவை உடனே தெரிவிக்க வேண்டியவை.

மறைத்தலின் விலை

தென்காசிக்குத் தென்மேற்கே, மலைக்கு அப்பால் உள்ளது திருவனந்தபுரம் மாவட்டம். அங்கு 1996 முதல் 2004 வரை ஓர் ஆய்வு நடைபெற்றது. பயிற்சி பெற்ற நலப்பணியாளர்கள் 35 வயதும் அதற்கு மேலும் உடையோரின் வாயைக் கண்ணால் பார்த்துச் சோதித்தனர். புகையிலையோ மதுவோ பயன்படுத்துவோரிடையே, சோதிக்கப்படாத பகுதிகளைவிட வாய்ப்புற்றுநோய் இறப்பு 34 விழுக்காடு குறைந்திருந்தது. எளிய சோதனையே உயிர் காத்தது. ஆனால், தம் பழக்கத்தை மறைப்பவர்க்கு அச்சோதனையின் தேவையை மருத்துவர் எவ்வாறு உணர்வார்?

கேட்க வேண்டியவை

மருத்துவரிடம் கேட்கவும் வேண்டும். 'என் இடர்வாய்ப்பு பிறரைவிட மிகுதியா? எந்தச் சோதனை, எந்த வயதில், எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை? எதை மாற்றினால் இடர் குறையும்?' என்னும் வினாக்கள் பயன் தருவன. 30 வயதைக் கடந்தோர்க்கு வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்களுக்கான தொடக்கநிலைச் சோதனைகள் அரசு மருத்துவ நிலையங்களில் செய்யப்படுகின்றன. கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கத் தடுப்பூசியும் உண்டு.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1923இல் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அத்துயரை அவர் மறைத்து வைக்கவில்லை. 1954இல் 12 படுக்கைகளுடன் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையமாக அதனை மாற்றினார். ஒரு குடும்பத்தின் துயரம் ஊருக்கே மருந்தாயிற்று. தம் வீட்டு மூத்தோரிடம் குடும்ப நோய் வரலாற்றைக் கேட்டுக் குறித்து வைக்கும் மாணவரும் அத்தகைய பணியின் முதற்படியில் நிற்பவரே.