ஃபிளாஷுக்கும் பொருத்தம் பார்ப்போம்

பத்தாம் வகுப்பு மாணவி, எப்போதும்வென்றான்

கல்யாணம் என்றால் நம் ஊரில் முதலில் பொருத்தம் பார்ப்பார்கள். கேமராவுக்கு ஃபிளாஷ் வாங்கும்போதோ விலையை மட்டுமே பார்க்கிறோம். கேமரா கம்பெனியே விற்கும் ஃபிளாஷ் விலை அதிகம். ஆகவே பலரும் வேறு கம்பெனி ஃபிளாஷைத் தேடுகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் பொருந்தாத ஃபிளாஷ் எரியாமல் போகலாம். சில வேளை கேமராவையே கெடுத்துவிடலாம். ஆகவே தோழியரே, பார்க்க வேண்டிய நான்கு பொருத்தங்களை இங்கே காண்போம்.

முதலாவது, இருக்கைப் பொருத்தம். கேமராவின் தலையில் ஃபிளாஷ் சொருகும் இடத்திற்கு 'ஹாட் ஷூ' என்று பெயர். பெரும்பாலான கேமராக்களில் இதன் வடிவம் ஒன்றே. ஆனால் மினோல்டா கம்பெனி 1988-இல் தனி வடிவம் ஒன்றைக் கொண்டுவந்தது. பின்னர் சோனியும் 2012 வரை அதையே பின்பற்றியது. பழைய சோனி கேமரா வைத்திருப்போர் இதைக் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது, மின்னழுத்தப் பொருத்தம். உயிர் காக்கும் பொருத்தம் இதுவே! ஃபிளாஷுக்குள் இருக்கும் மின்தேக்கி ஏறக்குறைய 300 வோல்ட் மின்சாரத்தைச் சேமித்து, செனான் வாயு நிரம்பிய குழாயில் ஒரு நொடியில் பாய்ச்சுகிறது. பழைய ஃபிளாஷ்கள் சிலவற்றில் 200 வோல்ட்டுக்கு மேல் கேமராவின் முனைக்கே வந்துவிடும். விவிடார் 283-இன் பழைய வகைகள் இதற்குச் சான்று. ஃபிலிம் கேமராவின் உலோகத் தொடுமுனை அதைத் தாங்கியது. டிஜிட்டல் கேமராவின் நுண்ணிய மின்சுற்று தாங்காது. கேனனின் தொடக்கக்கால டிஜிட்டல் மாடல்கள் சிலவற்றுக்கு 6 வோல்ட்டே எல்லை. ஆகவே மாமாவின் ஸ்டுடியோ அலமாரியில் கிடக்கும் பழைய ஃபிளாஷை அப்படியே மாட்டிவிடாதீர்கள். அதைக் கேமராவில் மாட்டாமல் எரியவிட்டு, தயார் விளக்கு ஒளிர்ந்ததும், நடு முனைக்கும் பக்கத் தகட்டுக்கும் இடையே மல்டிமீட்டரால் அளக்க வேண்டும். மின்னியல் பாடத்தில் படித்த வோல்ட் இங்கே உதவுகிறது! இதைப் பெரியவர்கள் துணையோடுதான் செய்ய வேண்டும்.

மூன்றாவது, மொழிப் பொருத்தம். ஹாட் ஷூவின் நடு முனை 'எரி' என்று மட்டும் சொல்லும். சுற்றியுள்ள சிறு முனைகள், எவ்வளவு ஒளி வேண்டும் என்பதைப் பேசிக்கொள்ளும். இந்தத் தானியங்கி முறைக்கு டி.டி.எல். என்று பெயர். கேனன், நிக்கான், சோனி ஒவ்வொன்றுக்கும் இதில் தனி மொழி உண்டு. ஆகவே கோடாக்ஸ் போன்ற கம்பெனிகள் ஒரே ஃபிளாஷைத் தனித்தனி வகையாக விற்கின்றன. டி.டி.685 என்ற மாடலில் கேனனுக்கு 'சி', நிக்கானுக்கு 'என்', சோனிக்கு 'எஸ்' என்ற எழுத்து இருக்கும். டி.டி.எல். இல்லாத மலிவான ஃபிளாஷில் ஒளியளவை நாமே திருகி அமைக்க வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள். 2018-இல் வந்த கேனன் 1500டி, 3000டி கேமராக்களில் அந்த நடு முனையே இல்லை! நடு முனையை மட்டும் நம்பும் ஃபிளாஷ் அவற்றில் எரியாது.

நான்காவது, வலிமைப் பொருத்தம். ஃபிளாஷின் ஆற்றலை 'கைடு நம்பர்' என்ற எண் காட்டும். ஐ.எஸ்.ஓ. 100-இல் அது 36 மீட்டர் என்றால், எஃப் 4 துளையில் 36-ஐ 4-ஆல் வகுக்க, ஒளி 9 மீட்டர் எட்டும். ஐ.எஸ்.ஓ.வை 400 ஆக்கினால் 18 மீட்டர் எட்டும். ஆண்டு விழாவில் கடைசி வரிசையிலிருந்து மேடையைப் படமெடுக்க விரும்பும் பெற்றோர், முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

முடிவாக ஒரு வார்த்தை. கடைக்குப் போகும்போது கேமராவையும் கையோடு கொண்டுபோங்கள். ஃபிளாஷை மாட்டி, அருகில் ஒன்றும் தொலைவில் ஒன்றுமாக இரண்டு படங்கள் எடுத்துப் பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள். தாலி கட்டும் நொடியும் பரிசு வாங்கும் நொடியும் மறுபடி வருவதில்லை. அந்த நொடியில் எரியாத ஃபிளாஷ், எத்தனை மலிவாகக் கிடைத்தாலும் நட்டமே!