வறண்ட ஓடையின் வெள்ளக் கணக்கு

பெரியநாயக்கன்பாளையத்தை ஒட்டிய குருடிமலையில் பிறக்கும் கௌசிகா நதி, இடிகரை வழியே கிழக்கு நோக்கிச் சென்று வஞ்சிப்பாளையம் அருகே நொய்யலில் கலக்கிறது. மழைக்காலம் நீங்கினால் மணலும் முட்புதருமே அதன் கோலம். நீர் புரளும் ஆற்றுக்கு மக்கள் அஞ்சுவார்கள். வறண்ட ஓடைக்கு யார் அஞ்சுவார்? வெள்ளம் ஏறும் இடங்களை முன்கூட்டியே காட்டும் நீரியக்கக் கணினி மாதிரி, பேராறுகளைக் காட்டிலும் இத்தகைய ஓடைகளுக்கே முதலில் தேவை என்பது என் துணிபு.

கணக்கு மழையில் தொடங்குகிறது. ஒரு சதுர கிலோமீட்டர் சரிவில் 100 மில்லிமீட்டர் மழை பொழிந்தால், 1 லட்சம் கன மீட்டர் நீர் சேரும். மண் உறிஞ்சியது போக எஞ்சியது ஓடைக்கு வரும். அது எவ்வளவு உயர்ந்து, எவ்வளவு விரைந்து ஓடும் என்பதற்கான சமன்பாடுகளைப் பிரெஞ்சு அறிஞர் செயின்ட் வெனான்ட் 1871-இலேயே வகுத்துவிட்டார். கையால் தீர்க்க அரிய அவற்றை, அமெரிக்கப் படைப் பொறியாளர் பிரிவின் ‘ஹெக்-ராஸ்’ மென்பொருள் படிப்படியாகத் தீர்த்துத் தருகிறது. 1995-இல் வெளிவந்த அதை எவரும் விலையின்றிப் பெறலாம்.

ஆகவே மென்பொருள் இங்கே தடையன்று. நிலத்தை அளப்பதே தடை. 2000-ஆம் ஆண்டு விண்ணோடம் திரட்டிய உயர வரைபடத்தின் ஒரு கட்டம் ஏறத்தாழ 30 மீட்டர். பத்து மீட்டர் அகலப் பள்ளம் அதில் காணாமலே போய்விடும்! கரையோரம் நடந்து, குறுக்குவெட்டுகளை நேரில் அளந்தே ஆகவேண்டும். படுகையின் சொரசொரப்பும் கணக்கில் சேரும். அதைக் குறிக்கும் மானிங் எண், தூய மண் ஓடைக்கு 0.03 என்று கொள்ளப்படும்; புதர் மண்டினாலோ 0.06-ஐயும் தாண்டும். எண் இரட்டித்தால், அதே ஆழத்தில் நீரின் விரைவு பாதியாகும். வரும் நீரோ குறையாது. எனவே மட்டம் உயர்ந்து, கரை வழியும். சிறுபாலத்தின் கண்களில் குப்பை அடைத்தாலும் இதே கதிதான். பாலத்துக்கு மேற்புறத் தெருக்களே முதலில் மூழ்கும்.

கணினி தீட்டும் வெள்ளப்படம் மெய்யா என்பதைப் பழைய வெள்ளம் சுவரில் விட்ட கறையோடு ஒப்பிட்டே தேற வேண்டும். 2015 டிசம்பரில் அடையாறு பெருகிய பின், சென்னைக்கென வெள்ள முன்னெச்சரிக்கை அமைப்பு ஒன்று உருவாயிற்று; ஐ.ஐ.டி.க்களும் அண்ணா பல்கலைக்கழகமும் அதில் பங்கேற்றன. பேரழிவுக்குப் பிறகே கண் திறப்பது நம் வழக்கமாகிவிட்டது.

‘நூறாண்டு வெள்ளம்’ என்றதும், நம் காலத்தில் வராது என்று பலர் ஆறுதல் கொள்கிறார்கள். ஆண்டுதோறும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதே அதன் பொருள். முப்பது ஆண்டுகள் ஒரு வீட்டில் வாழ்வோர் அதைச் சந்திக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 26 விழுக்காடு.

கௌசிகாவின் கரையோர உள்ளாட்சிகள் ஐப்பசி மழைக்கு முன்பே ஒவ்வொரு சிறுபாலத்தின் கண் அகலத்தையும் உயரத்தையும் அளந்து பதிவுசெய்ய வேண்டும். வெள்ளம் வரும் நாளில், நீர் எட்டிய மட்டத்தைச் சுவரில் கோடிட்டுத் தேதி எழுதி வைப்பது கரையோரக் குடும்பங்களின் பொறுப்பு.